இரண்டிலிருந்து மூன்று வரை

ஜனவரி 11

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் இந்த வீட்டுச் சுவர் வெறும் அட்டை. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் என் மகள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அவளைப் பற்றி அவள் காதுபட எப்படிப் பேசுவது? அதனால் நான் வேலை பார்க்கிற கட்டடத்தில், இருபத்திரண்டாவது மாடிக்கும் மேலே, லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நானும் மோட்டாரும்தான். பதிலை இந்தக் கட்டடத்து முகவரிக்கே போடு, உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. என் பராமரிப்பில் ஆறு லிஃப்ட். எப்போதும் நான்கு ஓடும். எந்த நான்கு என்பதுதான் தினமும் மாறும். என் பாடு அப்படிப் போகிறது.

விஷயம் நம் வக்கீலைப் பற்றியது, என் மகளைத்தான். அவள் அம்மா எதற்காக அந்தப் பெயரை வைத்தாள் என்று உனக்குத் தெரியும். உன் வாலிபர் கூட்டத்தில், "பரலோகத்துல போரடிச்சா என்ன பண்றது?" என்று கேட்டு உன்னை அரை மணி நேரம் திணறடித்தவள். இப்போது அவள் வாயிலிருந்து மூன்றே வார்த்தைதான் வருகிறது. சரிப்பா. இல்லப்பா. வேணாம்ப்பா. ஞாயிற்றுக்கிழமை என்னோடு சபை வாசல் வரைக்கும் வருவாள். உள்ளே வரமாட்டாள். ஆராதனை முடியும்வரை வெளிப்படியில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர், போகிறவர் எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 21 வந்தால் அவள் அம்மா போய் ஒரு வருடம். அது ஞாயிறாகவே வருகிறது. இங்கத்துப் போதகரிடம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தெம்பு வருகிறது. நம் சபையார் இரண்டு நாள் சங்கிலி ஜெபம் வைத்தது. நாற்பத்தெட்டுக் கட்டம் போட்ட தாளை நீ சபையின் பின்னறைக் கதவில் ஒட்டியது. மணிக்கு ஒருவராக உள்ளே போய் ஜெபித்துவிட்டுத் தங்கள் கட்டத்தில் டிக் போட்டது. இரண்டாம் நாள் முடிகிற கடைசிக் கட்டம், பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை, மகளுடைய நேரம். இரண்டு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் அவள் அம்மா போனாள். என் பக்கம் அவள் கை என் கைக்குள் இருந்தது, சபைப் பின்னறையில் மகள் முழங்காலில் இருந்தாள். கல்லறையில் நான் நிற்க முடியாமல் சரிந்தபோது நீதான் தாங்கிப் பிடித்துச் சொன்னாய்: "அண்ணி மகளோட ஜெபத்துக்குள்ளயே போயிருக்காங்கண்ணே." அந்த வார்த்தை இல்லையென்றால் நான் இன்றைக்கு ஆளாக இருந்திருக்க மாட்டேன். நீ கொடுத்த அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்றாம் தேதி ஆராதனையில் மகளே எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும், இங்கே தடுமாறிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு அது உதவும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும், "வேணாம்ப்பா." ஏன் என்றேன். "வேணாம்ப்பா." பெற்ற தாய்க்காக ஐந்து நிமிடம் நிற்கமாட்டாயா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை நீட்டிவிட்டேன் தங்கச்சி. பதினாறு வயதுப் பெண்ணை. இதுவரை செய்ததே இல்லை.

நீ சொன்னால் கேட்பாள். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருக்கிறது. அதையும் அவள் வேண்டாம் என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்? அவளுக்கு எழுது.

உன் அண்ணன்


ஜனவரி 19

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணனுக்கு,

மதிய இடைவேளையில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி தேய்த்த தூள் தாளில் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். காலையிலிருந்து இருபத்தேழு லென்ஸ். என் கண்ணே மங்கிவிட்டது.

முதலில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கை நீட்டியது தப்பு. உங்களுக்கே அது தெரிகிறது, இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டீர்கள். எனக்கு எழுதியதை அவளிடமும் சொல்லுங்கள். "அப்பா செஞ்சது தப்பு" என்று ஒரே வாக்கியம் போதும். அதற்குப் பின்னால் "ஆனா" போடாதீர்கள். நாம் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது அந்த "ஆனா"வில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். பேசாத பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்ட பிள்ளை அல்ல. பல நேரம் அதை நம்மைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்ட பிள்ளைதான் வாயடைத்துப் போகும். போன மாதம் ஒரு பையன் மூன்று வாரம் ஜெபத்தில் கண்ணை மூடவே இல்லை. நான் ஏதோ திமிர் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால், கண்ணை மூடினால் ஒன்றுமே தோன்றவில்லை என்று பயந்திருக்கிறான். உள்ளே வராமல் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே, ஏன் வாசல் வரைக்கும் வருகிறாள் என்று யோசித்தீர்களா?

அவளோடு சாப்பிடுங்கள். கேள்வி கேட்காதீர்கள். ஜெபம் முடித்து ஆமென் சொன்ன வாயோடு புத்தி சொல்லாதீர்கள். பிள்ளைகள் அந்த ஆமெனுக்கே பயப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

சாட்சி வேண்டாம் அண்ணே. போதகரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணியை அடக்கம் செய்த அன்றிலிருந்து நீங்கள் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின் மனது ஒரு நிலையில் இல்லை.

இதோடு அவளுக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடுங்கள். பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும், என் தொழிலே உற்றுப்பார்ப்பது.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்
கண்ணாடி அக்கா (பிள்ளைகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது)


ஜனவரி 31

தங்கச்சிக்கு,

உறையைப் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். குளியலறைக்குள் எடுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தாள். அரை மணி நேரம் தண்ணீர் வீணாகப் போனது. வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னம்மா என்றேன். "சோப்பு பட்டுடுச்சுப்பா" என்றாள். எனக்குக் காது குத்துகிறாள்.

நீ எழுதியபடி மன்னிப்புக் கேட்டேன். "ஆனா" போடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டேன். அவள் "பரவால்லப்பா" என்றாள். சேர்ந்து சாப்பிட்டோம். கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மெல்லுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். உன் வைத்தியம் இந்த வீட்டில் வேலை செய்யவில்லை.

இன்னொன்று கேள். சுவரில் மாட்டியிருக்கிற தாள் ஒரு நாள் காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காற்று என்று நினைத்து நேராக்கினேன். மறுநாளும் திரும்பியிருந்தது. மறுபடி நேராக்கினேன். இப்படி ஐந்து நாள். அவள் திருப்புகிறாள், நான் நேராக்குகிறேன். இதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. ஆறாம் நாள் அவளே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். மூன்று பரீட்சையில் பெயரை மட்டும் எழுதிவிட்டு வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாளாம். உடம்பும் பாதியாகிவிட்டது, சட்டை அவள்மேல் தொங்குகிறது.

அவள் பையில் தபால் ரசீது ஒன்று கிடந்தது. உன் முகவரி. பதிவுத் தபால். தேதி இருபத்தேழு. ஆக உனக்கு எழுதியிருக்கிறாள், பக்கத்து அறையில் இருக்கிற அப்பனிடம் மூன்று வார்த்தை, முன்னூறு மைல் தாண்டி உனக்குப் பதிவுத் தபால்.

என்ன எழுதினாள்? பூசி மெழுகாமல் சொல். பெற்றவன் நான்.

சாட்சியை நிறுத்தவில்லை. போதகர் அறிவிப்பே கொடுத்துவிட்டார். எழுந்து நின்றால் தானாக வார்த்தை வரும் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அண்ணன்


பிப்ரவரி 5

அண்ணனுக்கு,

அவள் எழுதியது உண்மை. எட்டுப் பக்கம். அதில் இருப்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன். அவள் உயிருக்கு ஆபத்து என்று ஒரு வரி இருந்திருந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறி வந்து உங்கள் கதவைத் தட்டியிருப்பேன். அப்படி இல்லை என்று அவளிடமே போனில் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை என்கிறாள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த இரண்டையும் உங்களிடம் சொல்வேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். மற்றது அவளுடையது.

என்னுடையதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. இதை எழுத நான்கு நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

அந்த நாற்பத்தெட்டுக் கட்டத்தை வரைந்தது நான். நாற்பத்தேழு பேரைக் கேட்டுவிட்டுப் பெயர் எழுதினேன். அவளை மட்டும் கேட்கவில்லை. மகள் பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். அதோடு விட்டேனா? சபையில் எல்லார் முன்னாலும் அவள் தோளில் கைவைத்து, "பிள்ளை கேட்டா கர்த்தர் மறுக்க மாட்டார்" என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு பிள்ளையின் தலையில் தாயின் உயிரையே தூக்கி வைத்துவிட்டு, விசுவாசத்தை வளர்க்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இரண்டு நாள் என்று கெடு வைத்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும் அண்ணே. அவளுக்கு யாராவது சொன்னோமா? அவள் மனம் தளரக்கூடாது என்று மூடி மறைத்தோம். ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்குள் அம்மா போனால் அவள் என்ன நினைத்துக்கொள்வாள் என்று நாம் யோசிக்கவே இல்லை.

கல்லறையில் நான் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். நான் பின்னறைக்குள் போய்ப் பார்க்கவில்லை. தாளில் ஒரு டிக் இருந்தது, அதை மட்டும் பார்த்தேன். நீங்கள் சரிந்துகொண்டிருந்தீர்கள். கையில் கிடைத்ததை எடுத்து முட்டுக் கொடுத்தேன். கிடைத்தது அவள்தான். அவள் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டாள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அவளை மேடையில் நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 9

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் லிஃப்ட்காரன்தான், மடையன் இல்லை. நீ எதைச் சொல்லாமல் சொல்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. புரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன்.

திரும்ப எடுத்துக்கொள்கிறாளாம். அது என்ன உன் கடையில் வாங்கின கண்ணாடியா, பவர் சரியில்லை என்றால் வாங்கி வைத்துக்கொள்ள? ஒரு வருடமாக அந்த வார்த்தையின்மேல் நடந்துகொண்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதை நினைத்துத்தான் காலைக் கீழே வைக்கிறேன். இப்போது எட்டாவது மாடியில் நிற்கிறவனிடம் தரையே இல்லை என்கிறாய்.

எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் எழுதாதே.


பிப்ரவரி 13

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

அவளிடம் கேட்காதீர்கள். கடையில் கண் பரிசோதிக்க வரும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். இது நன்றாகத் தெரிகிறதா, அது நன்றாகத் தெரிகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டால், கொஞ்ச நேரத்தில் பிள்ளை எழுத்துப் பலகையைப் பார்க்காது. நம் முகத்தைப் பார்க்கும். நமக்கு எது பிடிக்கும் என்று பார்த்து, "தெரியுது" என்றுவிடும். நாம் திருப்தியாகத் தப்பான கண்ணாடியை மாட்டி அனுப்பிவிடுவோம். தலைவலி அதற்கு.

நீங்கள் கேட்டால் அவள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். "ஆமாப்பா, ஜெபம் பண்ணேன்" என்பாள். இருபத்தொன்றாம் தேதி எழுந்து நின்று அதையே மைக்கில் சொல்லவும் சொல்வாள். உங்களுக்காக. அதற்குப் பிறகு அவள் உங்களிடமும் திரும்பி வரமாட்டாள், கர்த்தரிடமும் வரமாட்டாள். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

கேட்பதற்குப் பதிலாக, உங்களுடையது ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள். நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள் என்று தெரிந்தால்தான் அவள் வாய் திறக்கும். என்மேல் கோபப்படுங்கள், அது நியாயம். முன்பு நான் எழுதிய அறிவுரை எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள், அவற்றை எழுதும்போது எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் இங்கே பிள்ளைகளிடம் நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். பதினொரு பேர் இருக்கிறார்கள். எத்தனை பேர் மிஞ்சுவார்களோ தெரியவில்லை.

தங்கை


பிப்ரவரி 23

தங்கச்சிக்கு,

கடைசிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். உன்மேல் இருந்த கோபம் முழுதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் பெயரை எழுதியது நீ. ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியது நான்.

இருபதாம் தேதி சனிக்கிழமை பிற்பகல், மூன்றாவது லிஃப்டுக்கு பிரேக் மாற்ற வேண்டியிருந்தது. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு மெஷின் ரூமுக்கு வந்தேன். ஆள் எல்லாம் வேண்டியதில்லை, அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் வந்தாள். இரண்டு பேரும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டேன். கையில் ஸ்பேனர் இல்லாமல் எனக்கு எதுவும் பேச வராது.

"உங்கம்மா போனப்ப நான் ரூம்ல இல்ல," என்றேன்.

டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள். "கையப் புடிச்சிட்டிருந்தேன்னு சொன்னீங்களே?"

"பொய்."

உனக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன் தங்கச்சி. அன்றைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். ஆஸ்பத்திரி மெக்கானிக் விடுமுறையில். நர்ஸ் வராந்தாவில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாக எழுந்துபோனேன். உன் அண்ணி காதில், "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. போனவனுக்கு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. ஆறு நாளாக அந்த நாற்காலியில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன், லிஃப்டையாவது என்னால் சரிசெய்ய முடிந்தது. ஐந்து பேரும் வெளியே வந்து கைகொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு கிரீஸ் கையுமாக அறைக்கு வந்தேன், நர்ஸ் அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தது நிஜம். அதற்குப் பிறகுதான் பிடித்தேன்.

நான் இல்லாவிட்டால் என்ன, மகளாவது ஜெபத்தில் இருந்தாளே என்றுதான் அந்தத் தாளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இதை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. நீ சொன்னதற்காக மட்டும் இல்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

அவள் டார்ச்சை அணைத்தாள். "அப்பா, நானும் இல்ல," என்றாள்.

பள்ளி மைதானத்தில் பேட்மின்டன் மேட்ச். இவள் தோழி ஆடினாளாம். இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். "ஜெபத்துக்குப் போனா அம்மா சாகப்போறாங்கன்னு நெனைக்கணும்ப்பா. அங்க இருந்தா நெனைக்க வேணாம். கடைசி கேம்ல அவ ஜெயிச்சுட்டா. நான் கத்திக் கத்தி சிரிச்சேன்." பிறகு ஓடிவந்து, மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டிக் போட்டிருக்கிறாள். அப்போது அவள் அம்மா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"நான் ஒழுங்கா ஜெபம் பண்ணியிருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

டாக்டர் முன்கூட்டியே கெடு வைத்ததைச் சொன்னேன். எந்த நாள், எந்த வார்த்தை, யார் யார் அப்போது இருந்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள்தான் உன்னிடம் மறைத்தோம் என்றேன். கோபப்பட்டாள். படவேண்டியதுதான். "அப்ப எதுக்கு என் பேர எழுதுனீங்க?" என்றாள். "தப்புதாம்மா" என்றேன், "ஆனா" போடவில்லை.

அப்புறம் கேட்டாள்: "அம்மா நம்மளத் தேடியிருப்பாங்களாப்பா?"

என் வாய்வரைக்கும் வந்துவிட்டது தங்கச்சி. இல்லம்மா, நிம்மதியாப் போனாங்க, தூக்கத்துலயே போனாங்க. ஒரு வருடமாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிப் பழகின வாய். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"தெரியலம்மா," என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தின்போதுகூட அழாதவள். சத்தம் போட்டு அழுதாள், மோட்டார் சத்தத்தையும் மீறி. நானும் அழுதேன். கீழே லிஃப்டுக்காக யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அழுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாட்சி இல்லை என்று போதகரிடம் சொன்னேன். காரணம் கேட்டார், இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவள் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பாடுவது நன்றாகவே கேட்கிறது, ஜன்னல் எல்லாம் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். தாளைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்ப்பா, மத்த நாப்பத்தேழு பேரு நெஜமாவே ஜெபம் பண்ணாங்கல்ல," என்றாள். நாளைக்கு டாக்டரிடம் போகிறோம். இன்னும் பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வீட்டில் இருந்த ஒரே ஆறுதலையும் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

நீ பதில் எழுதுவாய். அந்த ஒரு மணி நேரம் யாரும் இல்லாவிட்டாலும் கர்த்தர் உன் அண்ணி பக்கத்தில் இருந்தார் என்று எழுதுவாய். எழுதாதே. நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அதையும் சுவரில் மாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மகள் தானாகக் கேட்டால் சொல்கிறேன். கேட்கும்வரை நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன்